எஞ்சிய காட்டின் எல்லையை வரையும் நகரத் திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வளரும் நகரத்தின் ஓரத்தில் எஞ்சி நிற்கும் சிறு காட்டைப் பற்றிய கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, அதில் காட்டின் பரப்பளவும் அங்குள்ள பறவையினங்களின் எண்ணிக்கையும் தவறாமல் இடம்பெறும். அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

காட்டைச் சுற்றி வீடுகள் எழும்பியதும் காகமும் புறாவும் மைனாவும் உள்ளே வந்துவிடுகின்றன. அதே காலத்தில், சருகுத் தரையில் இரை தேடும் பறவைகளும், அடிக்காட்டின் நிழலை விட்டு வெளிவரத் தயங்கும் பூச்சியுண்ணிகளும் ஒவ்வொன்றாக மறைகின்றன. வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகிவிடுவதால், எதுவும் குறையவில்லை என்று அறிக்கை எழுதிவிட முடிகிறது. ஆனால் வந்தவை எங்கும் பிழைப்பவை. போனவற்றுக்கோ அந்தக் காட்டை விட்டால் அப்பகுதியில் வேறு போக்கிடம் இல்லை.

இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்கா 86 ஹெக்டேர் பரப்புள்ள மரச்சோலை. 1936ஆம் ஆண்டு வாக்கில் சுற்றியிருந்த காடு அழிக்கப்பட்டதால் அது தனித்துப்போனது. 1932 முதல் 1952 வரை அங்கு இனப்பெருக்கம் செய்த 62 பறவையினங்களில் 20 இனங்கள் 1980களின் நடுப்பகுதிக்குள் இல்லாமல் போயின. தொடக்கத்திலேயே சிலவாக இருந்தவையும், சுற்றுப்புற நிலத்தில் அரிதாக இருந்தவையுமே பெரும்பாலும் மறைந்தன. வேலிக்கு உள்ளே எது வாழும் என்பதை வேலிக்கு வெளியே உள்ள நிலமும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பிரேசிலின் மனௌஸ் நகருக்கு அருகே 1979இல் தொடங்கிய ஆய்வு, 1, 10, 100 ஹெக்டேர் அளவுள்ள துண்டுக்காடுகளைத் தொடர்ந்து கவனித்தது. படையெறும்புகள் நகரும்போது கலைந்தோடும் பூச்சிகளைப் பிடித்து வாழும் பறவைகள், சிறிய துண்டுகளிலிருந்து விரைவிலேயே அற்றுப்போயின. ஓர் எறும்புக் கூட்டத்துக்கே போதாத பரப்பில், பல கூட்டங்களை நாடி அலையும் பறவை எப்படித் தங்கும்? எண்பது மீட்டர் வெட்டவெளியே அடிக்காட்டுப் பறவைகள் பலவற்றுக்குத் தடையாக இருந்தது. எனினும், சுற்றியிருந்த மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டு, அவற்றில் இளங்காடு வளர்ந்த பின்னர், மறைந்தவற்றுள் சில திரும்பி வந்தன. உங்களால் செய்யக்கூடிய வேலை எங்கே இருக்கிறது என்பதை இதுவே காட்டுகிறது: காட்டை ஒட்டிய மனைகளில் மரங்களையும் புதர்களையும் கட்டாயமாக்குவதும், ஓடைக்கரைகளைக் கட்டடமின்றி விட்டு அடுத்த பசுமைப் பகுதியோடு இணைப்பதும் உங்கள் கையெழுத்துக்கு உட்பட்டவையே.

காட்டை வெட்டுவோரைவிட, அதை அழகுபடுத்த நிதி ஒதுக்குவோரைக் கண்டுதான் எனக்கு அச்சம் அதிகம். வெட்டினால் எதிர்ப்பு எழும். புதர்களை அகற்றி, சருகைக் கூட்டி, நடைபாதைக்கு விளக்கு நட்டால் பாராட்டுத்தான் வரும். சருகோடு அதிலுள்ள பூச்சிகளும், புதரோடு கூடு கட்டும் இடங்களும் போய்விடுகின்றன. பட்டுப்போன மரத்தைப் பாதுகாப்பு கருதி அகற்றும்போது, மரங்கொத்தி குடைந்த பொந்தும், பின்னாளில் அதில் குடியேறவிருந்த ஆந்தையின் இடமும் சேர்ந்தே போகின்றன. பாதையோரம் விழக்கூடிய மரத்தை அகற்றுங்கள். உட்பகுதியில் நிற்பதை விட்டுவிடுங்கள்.

காட்டின் நடுவே சாலை அமைக்கும் முன்மொழிவு வந்தால், இழக்கும் பரப்பைச் சாலையின் அகலத்தைக் கொண்டு மட்டும் கணக்கிடாதீர்கள். இருபுறமும் வெயிலும் காற்றும் புகுந்து தரையை உலர்த்தும் பகுதியையும், இரைச்சலில் பறவைகளின் அழைப்பு அமிழ்ந்துபோகும் பகுதியையும் அதனுடன் கூட்ட வேண்டும். சிறிய காட்டில் இப்படிக் கழித்த பின் உட்காடு என்று சொல்ல எதுவுமே மிஞ்சாமல் போகலாம்.

ஆகவே, எந்த அனுமதிக்கும் முன், வலசைக் காலத்திலும் கூடு கட்டும் காலத்திலும் தனித்தனியே கணக்கெடுப்பு நடத்தி, அங்கு இனப்பெருக்கம் செய்பவை எவை, காட்டை மட்டுமே நம்பியிருப்பவை எவை என்று பெயர் வாரியாகப் பிரித்துக் கோப்பில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். அந்தப் பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே முறையில் மீண்டும் எடுக்க ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
பறவை நோக்கர் ஒருவர்