சீனப் பாட அலகு பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஆறாம் வகுப்புக்கென்று நீ எழுதிய பண்டைய சீன வரலாற்றுப் பாட அலகை அப்பா அச்செடுத்துக் கொடுத்தார். சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து முழுவதும் படித்தேன். கோப்புடன் ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பியிருந்தாய். வேலை மிகுதியாக இருந்திருக்கும்.

ஷாங் அரசமரபு பற்றிய பகுதி அருமை. ஆமை ஓட்டில் சூடு வைத்து, விழுந்த விரிசலைப் பார்த்து அரசன் குறி சொன்னதைப் பிள்ளைகள் களிமண் தகட்டில் தாமே செய்து பார்க்கும்படி அமைத்திருப்பதைப் பழைய தலைமையாசிரியையிடம்கூடக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆனால், படை நடத்திய ஃபூ ஹாவை 'அரசனின் மனைவி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே? அவள் கல்லறை 1976இல் ஆன்யாங்கில் கிடைத்தது. அவளுடைய பிரசவத்துக்குக் குறி கேட்ட ஓட்டில், பிறந்தது பெண், அது நன்றன்று என்று பொறித்திருக்கிறார்கள். அதையும் பிள்ளைகள் படிக்கட்டும். சின் அரசமரபின் காலத்துப் பெருஞ்சுவர் என்று நீ போட்டிருக்கும் செங்கல் சுவர் மிகவும் பிந்திய மிங் அரசமரபின் காலத்தது, படத்தை மாற்றிவிடு.

என் மனக்குறை சின் பகுதியில்தான். கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங்கைக் கொடுங்கோலன் என்று தொடங்கி, நூல்களை எரித்தான், அறிஞர்களைப் புதைத்தான் என்று அடுக்கிக்கொண்டே போகிறாய். இவற்றை நமக்குச் சொன்ன வரலாற்றாசிரியர் சிமா சியான், சின்னுக்குப் பின் வந்த ஹான் அரசில் பணியாற்றியவர். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து எழுதியவர். அவர் பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. தம் பேரரசரிடமே தண்டனை பெற்ற நேர்மையாளர் அவர். இருந்தாலும், சொன்னவர் யார், எங்கிருந்து சொன்னார் என்று முதலில் கேட்கப் பிள்ளைகளைப் பழக்கு.

சின் தரப்பின் குரலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஹுபெய் மாகாணத்தின் ஷுய்ஹூதியில் 1975இல் ஒரு சின் அலுவலரின் கல்லறையைத் திறந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள் இருந்தன. அவற்றில் உள்ள சட்டம் ஒன்றின்படி, உழவு மாட்டின் இடுப்புச் சுற்றளவு குறைந்தால், குறைந்த ஒவ்வொரு சீன அங்குலத்துக்கும் பொறுப்பானவனுக்குப் பத்து அடி. கொடுமைதான், ஆனால் கணக்கு வைத்துச் செய்த கொடுமை. அதே இடத்தில் மற்றொரு கல்லறையில், போருக்குப் போன இரண்டு சகோதரர்கள் வீட்டுக்கு எழுதிய மரப்பலகைக் கடிதங்கள் இருந்தன. அம்மா நலமா என்று கேட்கிறார்கள். அங்கே துணி மலிவாக இருந்தால் அம்மாவே சட்டை தைத்துப் பணத்துடன் அனுப்பட்டும், விலை கூடுதலென்றால் பணம் மட்டும் போதும், துணியை இங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதுகிறான் ஒருவன். களத்தில் நின்றவனுக்கு அதற்கு நேரம் கிடைத்திருக்கிறது. இந்தக் கடிதங்கள் உன் அலகில் இல்லாதது எனக்கு வருத்தமே.

அண்ணன் மாப்பிள்ளையிடம் பேசினானாம். அவர் சொன்னவற்றை என்னிடம் ஒப்பித்தான். நான் கேட்டுக்கொண்டேன், பதில் சொல்லவில்லை. ஒருவர் வாய்மொழியை மட்டும் வைத்து முடிவுக்கு வருகிறவள் இல்லை உன் அம்மா என்பது உனக்குத் தெரியும். சொன்னவர் யார் என்று கேட்கும் வழக்கம் எனக்கு வகுப்பறையோடு போய்விடவில்லை. எந்த நேரமானாலும் அழைக்கலாம். அப்பா தூங்கிய பிறகும் நான் விழித்துத்தான் இருப்பேன்.

கடைசிப் பயிற்சித்தாளில் 'சின் ஷி ஹுவாங் நல்லவரா, கெட்டவரா?' என்ற கேள்வியை நீக்கிவிடு. சிமா சியானின் ஒரு பத்தியையும் அந்தச் சுவடிச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன என்று கேள். அதற்கு ஒரு பாடவேளை போதாது, இரண்டு ஒதுக்கு.

அன்புடன்,
அம்மா