இலைச்சாறு ஆய்வுக்குத் தடை வளையம் மட்டும் போதாது

சேலம் கல்லூரிகளின் தாவரவியல், நுண்ணுயிரியல் துறைத் தலைவர்களுக்கு வணக்கம்.

ஏற்காட்டுச் சரிவில் ஆடாதோடையோ நொச்சியோ பறித்து, சாறெடுத்து, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் குழி போட்டு விட்டு, குழியைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அளந்து, 'கிருமியைக் கொல்கிறது' என்று முடிக்கும் புராஜெக்டுகளை இனி அப்படியே ஏற்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சாற்றில் 50 மைக்ரோலிட்டர் விட்டால் குழிக்குள் போவது 5 மில்லிகிராம். ஒப்பிடப் பக்கத்தில் வைக்கும் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம். 500 மடங்கு வேறுபாடு! வளையங்கள் ஒரே அளவில் வந்தாலும் வலிமை ஒன்றல்ல. ஹெக்சேன் என்ற கரைப்பானில் எடுத்த சாற்றின் எண்ணெய்ப்பசைச் சேர்மங்களோ ஈர அகாரில் பரவவே திணறும். வீரியமுள்ள சாறும் வளையம் காட்டாமல் போகும்.

ஆகவே குறைந்தபட்சத் தடைச் செறிவை, அதாவது கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டறிவதைக் கட்டாயமாக்குங்கள். 96 குழித் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக நீர்த்து, கிருமி இறுதியில் மில்லிக்கு 5 லட்சம் இருக்குமாறு சேர்க்க வேண்டும். சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பச்சைச் சாற்றில் கலங்கல் கண்ணுக்குத் தெரியாது. ரெசசூரின் என்ற நீலச் சாயம் விட்டால் நீலம் நின்ற குழியில் தடை, இளஞ்சிவப்பான குழியில் வளர்ச்சி. சில சாறுகள் கிருமி இல்லாமலே இந்தச் சாயத்தை மாற்றிவிடும். அதனால் சாறும் சாயமும் மட்டும் உள்ள குழி ஒன்று, டிஎம்எஸ்ஓ மட்டும் சேர்த்துக் கிருமி வளர்த்த குழி ஒன்று அவசியம். மில்லிக்கு 100 மைக்ரோகிராமிலோ அதற்குக் கீழோ தடுத்தால் மேற்கொண்டு பிரித்துப் பார்க்கத் தகும். தடுக்காத இலைக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். மாணவர்கள் வளையத்தைத் தேடி அலைவது மதிப்பெண் குறையுமோ என்ற பயத்தில்தான்.

வேதிச் சோதனையிலும் அவசரம் தெரிகிறது. ஃபெரிக் குளோரைடு கருத்தால் பீனால் உண்டு, அவ்வளவே. டானின் என்று சொல்ல ஜெலட்டினில் வீழ்படிவு வரவேண்டும். ஆல்கலாய்டைக் காட்டப் பயன்படும் மேயர் கரைசலில் புரதமும் வீழ்படியும் என்பதால், ஆல்கலாய்டை அமிலத்தில் எடுத்து, அம்மோனியாவால் காரமாக்கி, குளோரோஃபார்மில் பிரித்து, மறுபடி அமிலத்தில் சோதிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஏற்காட்டு ஈரத்தில் நிழலுலர்த்தினால் இலை பூசணம் பிடிக்கும். காற்றோட்டமுள்ள 40 டிகிரி ஓவன் நல்லது. சாறெடுக்கப் பயன்படுத்தும் மெத்தனாலின் எச்சமே வளையம் காட்டிவிடும். சாற்றின் எடை மாறாமல் நிற்கும்வரை அதை ஆவியாக்கச் சொல்லுங்கள்.

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றிப் பறிக்க அனுப்பாதீர்கள். பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, பறித்த இடம், உயரம், தேதி எழுதி, கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் இனத்தை உறுதிசெய்த பிறகே சாறெடுக்க அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
சேலம் மூலிகை ஆய்வில் அக்கறையுள்ளோர்