அந்த டையை முதலில் போடு

அன்பு மகன் சேவியருக்கு, அப்பா எழுதுவது.

நீ போன் எடுத்து இருபது நாளாகிறது. அந்தமானில் சிக்னல் இல்லை என்பாய், சரி. உவரியில் இன்னும் கச்சான் காற்று விடவில்லை. அம்மாவுக்கு முட்டுவலி தேவலை.

நீ கடைசியாக அனுப்பிய போட்டோவில் அம்மா உன் மெலிவைப் பார்த்தாள். நான் உன் தோளில் தொங்கிய ரெகுலேட்டரைப் பார்த்தேன், கடலுக்குள் நீ மூச்சு இழுக்கிற அந்தக் கருவியை. பல்லில் கடிக்கிற மவுத்பீஸைக் கட்டும் பிளாஸ்டிக் டை இல்லை. தண்ணீருக்குள் மவுத்பீஸ் மட்டும் பல்லில் நிற்க, மற்றது கழன்று போனால் என்னடா செய்வாய்?

போன கிறிஸ்மஸுக்குத் திண்ணையில் வைத்து நீதானே சொல்லித்தந்தாய்? சிலிண்டரில் காற்றழுத்தம் 200 பார், அதன் வாயில் மாட்டுகிற முதல் ஸ்டேஜ் அதைப் பத்து பார் அளவுக்கு இறக்கும், வாயில் இருப்பது மிச்சத்தைக் குறைக்கும் என்று. முதல் ஸ்டேஜ் ஃபில்டரில் பச்சை பிடித்தால் உப்புத்தண்ணீர் உள்ளே போய்விட்டது என்றும் சொன்னாய். வெள்ளைக்காரனுக்கே முங்கச் சொல்லிக்கொடுக்கிறான் என் மகன் என்று கடற்கரையில் நான் சொல்லாத ஆளில்லை. அப்படிப்பட்டவன் ஒரு டை போடாமல் இருப்பாயா?

சிலிண்டர் வால்வைத் திறக்குமுன் வாயில் வைத்து உறிஞ்சிப் பார். காற்று வந்தால் எங்கோ கிழிசல். திறந்தபின் மீட்டரைப் பார்த்தபடி நாலு மூச்சு இழு. முள் ஆடினால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை, இல்லாவிட்டால் ஃபில்டர் அடைப்பு. கூட மாட்டியிருக்கிற உபரி மவுத்பீஸ், அந்த ஆக்டோபஸிலும் இழுத்துப் பார், அது அடுத்தவன் உயிர். கழுவும்போது முதல் ஸ்டேஜை மூடுகிற டஸ்ட் கேப்பைப் போட்டுத்தான் முக்கு, காற்றைத் திறந்துவிடுகிற பர்ஜ் பட்டனை அமுக்காதே. அப்புறம் ஓஸ். பூண் சேருகிற இடத்தில் ரப்பர் உறையைத் தள்ளிவிட்டு, மடக்கிப் பார். அங்கேதான் வெடிக்கும்.

அது எனக்குத் தெரியும். சித்தப்பா காலைக் கடல் அடித்தது என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறோம். அது பொய். அன்றைக்குச் சங்கு குளிக்கப் போனபோது, ஓஸ் வழியாக அவனுக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் பக்கம் இருந்தவன் நான். ஓஸில் பூணுக்குப் பக்கத்தில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. காலையிலேயே பார்த்தேன். சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினேன், நாளைக்கு மாற்றலாம் என்று. பத்துப் பாக ஆழத்தில் காற்று நின்று, அவன் ஒரே மூச்சில் மேலே வந்தான். கரை சேருமுன் கால் மரத்துவிட்டது. இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. டியூப் கட்டியதை அவன் பார்த்தானா என்றும் நான் கேட்டதில்லை.

சீசன் முடிந்ததும் சர்வீஸ் என்று வைகாசியில் சொன்னாய். ஐப்பசி வந்தால் மறுபடி கூட்டம். வருஷம் ஒன்று, இல்லையென்றால் 100 முங்கல், எது முந்தியோ அது என்பது நீ சொன்ன கணக்குத்தான். நீ வேலை பார்க்கிற கடையில் செலவுக்கு யோசித்தால் சொல், வள்ளத்து எஞ்சினுக்கு எடுத்துவைத்த பணம் இருக்கிறது. கடையின் சாமான்தானே என்று இருந்துவிடாதே, மூச்சு உன்னுடையது.

டையை இன்றைக்கே போடு. போட்டதும் போட்டோ அனுப்பு. பேச நேரமில்லாவிட்டால் பரவாயில்லை, அந்தப் போட்டோ போதும்.

அப்பா