கறுப்புப் பொட்டும் தவிட்டுநிறக் காளையும்: விழா மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி நூற்றாண்டு, கோயில் குடமுழுக்கு, ஆலை ஆண்டு விழா, கூட்டுறவுச் சங்கப் பொன்விழா என்று கொங்கு வட்டாரத்தில் மலர் தயாரிக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கமுங்க.

கொஞ்ச காலமாக உங்கள் மலர்களிலும் மண்டப வாசல் பிளெக்ஸிலும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், தானாக வண்ணம் பூசும் செயலிகளின் வழியாக வண்ணத்தில் வருகின்றன. ஆசை புரிகிறது. வண்ணம் ஏறியதும் அப்பாரு நேற்றுத்தான் படம் எடுத்துக்கொண்ட மாதிரி நிற்கிறார். சாம்பல் படத்தைத் தாண்டிப் போகிற பேரன் பேத்திகள் இதன் முன்னால் நின்று பார்க்கிறார்கள். ஆனால் சாம்பல் படத்தைப் பார்ப்பவருக்கு “அந்தச் சேலை என்ன நிறமோ?” என்று ஒரு கேள்வி வரும், வண்ணப் படத்தில் அந்தக் கேள்வியே எழாது. பத்து வருடம் கழித்து இன்னொரு குழு உங்கள் மலரிலிருந்து அதே படத்தை எடுத்துப் போடும். அதற்குள் செயலி குத்துமதிப்பாகப் பூசிய நிறம் ஊர் வரலாறாகியிருக்கும்.

வண்ணமே கூடாது என்று சொல்ல வரவில்லை. எந்த நிறம் எதைப் பார்த்துப் பூசியது என்று எழுதாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. ஏன் என்பதற்குப் பிலிமின் சமாச்சாரம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

கண்ணாடித் தகட்டில் படம் பிடித்த பிளேட்டுக் காலத்தில், அதன்மேல் பூசிய சாதாரண எமல்ஷனுக்கு, அதாவது ஒளியை உணரும் பூச்சுக்கு, நீல ஒளியும் புற ஊதாவும் மட்டுமே தெரியும். அதில் சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களையும் உணரும் என்று 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானிய வேதியியலர் கண்டார். அந்த வழியில் வந்ததுதான் பச்சையையும் பார்க்கும் ஆர்த்தோகுரோமேட்டிக். சிவப்பையும் சேர்த்துப் பார்க்கும் பான்குரோமேட்டிக் பிளேட்டு 1906இல் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகும் ஸ்டுடியோக்காரர்கள் ஆர்த்தோவை லேசில் விடவில்லை. ஆர்த்தோவைச் சிவப்பு விளக்கடியில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். பான்குரோவுக்குக் கும்மிருட்டு வேண்டும்.

இதனால் என்ன ஆகிறது? சாதாரணம், ஆர்த்தோ இரண்டு வகைப் பிளேட்டிலும் சிவப்பு கறுப்பாக விழும். சாதாரணப் பிளேட்டில் மஞ்சளும் இருண்டுபோகும்; மஞ்சள் பூசிக் குளித்த முகம் இருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். வெளிர்நீலச் சேலையும் வெள்ளைச் சேலையும் ஒன்றுபோலவே இருக்கும். வானம் மேகமே இல்லாமல் வெளுத்துக் கிடக்கும்.

செயலி படித்த பாடம் இதற்கு நேர் எதிர். இன்றைய வண்ணப் படங்களைப் பல லட்சக் கணக்கில் சாம்பலாக்கி, சாம்பலிலிருந்து மூல நிறத்தை ஊகிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அப்படிச் சாம்பலாக்கும் வழக்கமான கணக்கில் பச்சைக்கு 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு வெறும் 11. பழைய பிளேட்டு பெரும்பாலும் நீலத்தை வைத்தே எழுதியது. ஆகவே செயலி தப்பான அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிறது. இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு சாம்பலுக்குச் சிவப்பும் பொருந்தும், பச்சையும் பொருந்தும் என்றால், தவறு குறைவாக வரட்டும் என்று பல செயலிகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு மங்கிய தவிட்டு நிறத்தைப் பூசிவிடும். பழைய காலமே புழுதி படிந்து கிடந்தது என்ற எண்ணம் நமக்கு வருவதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

கல்யாணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரக்குச் சிவப்பு முகூர்த்தச் சேலை ஆர்த்தோவில் கன்னங்கரேலென்று விழுந்திருக்கும். செயலி அதைக் கறுப்பாகவே விடும், இல்லையென்றால் கருநீலமாக்கும். நம் ஊரில் எந்த ஆத்தாவாவது பெண்ணைக் கறுப்புச் சேலையில் மணவறையில் உட்கார வைப்பாரா? குங்குமப் பொட்டும் கறுப்புப் புள்ளியாகிவிடும். அது குங்குமமா, சாந்துப் பொட்டா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வெள்ளைச் சேலையில் இன்னும் கவனம் வேண்டும். கைம்பெண்கள் வெள்ளைச் சேலை உடுத்திய வட்டாரம் இது. அப்படி உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மிச்சியின் சேலைக்குச் செயலி இளஞ்சிவப்பைப் பூசினால், அந்தப் படத்தில் இருந்த முக்கியமான செய்தியே போய்விடும். மறுபக்கம், வெளிர்நீலம் வெளுத்து விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு. கழுத்து, நெற்றி, கால் மெட்டி எல்லாம் பார்த்து, வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாடு விஷயத்தில் நடப்பது வேடிக்கை. காங்கேயம் காளை சாம்பல் உடம்பும் கறுத்த திமிலும் கழுத்துமாக இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் எப்படித் தெரிகிறதோ, கட்டுத்தரையிலும் ஏறக்குறைய அப்படித்தான் நிற்கும். வண்ணக்காரருக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் ஊர் உலகத்து மாடுகளைப் பார்த்துப் படித்த செயலி அதைத் தவிட்டு நிறமாக்கி வைக்கும். கன்றை அப்படி ஆக்கினால் தப்பில்லை. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகப் பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில்தான் சாம்பலுக்கு மாறும். காளையைச் சூழ்ந்திருக்கும் நிலத்தையும் பாருங்கள். கோடையில் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் காய்ந்த வைக்கோல் நிறத்தில் கிடக்கும், கிளுவை வேலி இலை உதிர்ந்து நிற்கும். செயலி அங்கே கிரிக்கெட் மைதானத்துப் பச்சையை விரிக்கிறது. பார்ப்பவர்கள் “அந்தக் காலத்துல எவ்வளவு செழிப்பு!” என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

கொடி வந்தால் விஷயம் அரசியலாகிவிடும். 1921 வாக்கில் காந்தி முன்வைத்த கொடியில் மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு. ராட்டை மூன்று பட்டையிலும் படர்ந்திருக்கும். 1931இல் காங்கிரஸ் ஏற்ற கொடியில் மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. ராட்டை வெள்ளைப் பட்டையில். அசோகச் சக்கரம் 1947 ஜூலை 22க்குப் பிறகு வந்தது. ஆர்த்தோ படத்தில் கொடி மேலே வெளுத்து, கீழே போகப் போக இருட்டினால் அது பழைய கொடி. நடுப்பட்டை மட்டும் வெளுத்திருந்தால் 1931க்குப் பிந்தியது. தேதி எழுதாத ஊர்வலப் படத்துக்குக்கூட இந்தச் சாம்பல் வரிசை ஒரு காலக் குறிப்பு தரும். அதன்மேல் இன்றைய மூவர்ணத்தைப் பூசினால் அந்தக் குறிப்பு அழிந்துபோகும். திருப்பூர் குமரன் 1932 ஜனவரியில் உயிர் நீத்தார்; அன்றைய கொடியில் இருந்தது ராட்டை. அவர் கையில் சக்கரக் கொடியை வரைந்து வைப்பது கொடிக்கும் மரியாதை அல்ல, அவருக்கும் அல்ல.

வண்ணத்தைவிடப் பெரிய ஆபத்து, அதே செயலியில் இருக்கும் “முகத்தைத் தெளிவாக்கு” பொத்தான். எட்டரை அங்குல அகலக் குழுப் படத்தில் ஒரு வரிசைக்கு 15 மாணவர்கள் என்றால் ஒரு தலை கால் அங்குலம்தான் வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுமார் 1600 புள்ளி (பிக்சல்) அகலத்துக்குச் சுருங்கும். அப்போது ஒரு தலைக்கு 47 புள்ளி. அதில் கண்ணிமையும் பல்லும் இருக்காது. செயலி இமையையும் பல்லையும் தானே வரைந்துவிடும், அங்கே வேறொரு பையன் உட்கார்ந்திருப்பான். 2021இல் கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சி ஆயிரக்கணக்கானோரைச் சித்திரவதை செய்து கொன்ற துவோல் ஸ்லெங் சிறையின் கைதிகளின் படங்களுக்கு ஒருவர் வண்ணமூட்டியபோது, சில முகங்களில் புன்னகையும் சேர்ந்திருந்தது. அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சகம் கண்டித்த பிறகு, வெளியிட்ட இதழ் படங்களை நீக்கிக்கொண்டது. நம் குழுப் படத்தில் அவ்வளவு கொடுமை இல்லைதான். ஆனால் “இது எங்க அப்புச்சியே இல்லீங்க” என்று விழா மேடைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றால் குழுவால் என்ன பதில் சொல்ல முடியும்?

இனி செய்ய வேண்டியது. படத்தைச் செல்போனில் எடுக்காதீர்கள், பிளாட்பெட் ஸ்கேனரில் வையுங்கள். தனி ஆள் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும், குழுப் படத்துக்கு 1200 வையுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் கலர் முறையில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். மஞ்சள் கறை, பூஞ்சை, செபியா என்ற பழுப்புச் சாயல் எல்லாம் தனியாகத் தெரிந்தால்தான் பிறகு நீக்க வரும். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம் எதையும் இயக்க வேண்டாம். டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் (JPEG) ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் இழக்கும். தூசியை ஊதும் பம்ப்பால் ஊதினால் போதும், ஈரத்துணி படவே கூடாது. சட்டக் கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு சேர்ந்து காய்ந்திருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள்.

அடுத்து, எந்தப் பிளேட்டு என்று தேடுங்கள். படத்தில் நிறம் நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளாவது இருக்கும்: கோயில் மதிலின் காவிப்பட்டை, தபால் பெட்டி, செங்கல். காவிப்பட்டை கறுத்து விழுந்திருந்தால் படம் சிவப்பைப் பார்க்கவில்லை என்று பொருள். அப்படியானால் மற்ற கறுப்புகளிலும் எது சிவப்பாக இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். ஸ்டுடியோ பெஞ்சில் விரித்த பவானி ஜமக்காளம் இதற்கு நல்ல கருவி. அதன் சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் ஆர்த்தோவில் பிரிந்து தெரியும். பான்குரோவில் ஒரே சாம்பலாகக் கலந்துவிடவும் கூடும்.

படத்திருத்த மென்பொருளில் வண்ணத்தைத் தனி லேயரில் (மூலத்தின் மேல் ஒரு தனி அடுக்கில்), “கலர்” முறையில் பூசுங்கள், கீழே இருக்கும் சாம்பலைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஆதாரம் எழுதுங்கள். சேலை பெட்டியில் இன்னும் இருந்தால், வெயில் படாத மடிப்பின் உள்பக்கத்து நிறத்தைப் பாருங்கள். கோபுரத்துக்கு இன்றைய வண்ணம் சாட்சி ஆகாது; குடமுழுக்குத் திருப்பணி வரும்போதெல்லாம் அது மாறுகிறது. ஸ்டுடியோவில் கையால் வண்ணம் தீட்டிய பழைய படத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வாடிக்கையாளர் கேட்ட நிறத்தைச் சேலைக்குப் பூசி, கழுத்தில் இல்லாத தங்கத்தை ஏற்றி, நெகட்டிவில் பென்சில் டச்சிங் செய்து முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்த கைகளும் உண்டு. ஆதாரம் இல்லாத பொருளைச் சாம்பலாகவே விடுங்கள். பாதி வண்ணம், பாதி சாம்பல் என்று இருந்தால் பார்க்க அசிங்கம் என்பார்கள். எங்களுக்கு அதுதான் நேர்மையான படம்.

மலரில் இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே அளவில் போடுங்கள். அடியில் இப்படி எழுதலாம்: “மூலப் படம் கறுப்பு வெள்ளை. வண்ணம் விழாவுக்காகச் சேர்த்தது. சேலை: குடும்பத்திடம் உள்ள சேலையைப் பார்த்து. ஜமக்காளம்: ஊகம். சுவர்: தெரியாது, சாம்பலாகவே விட்டுள்ளோம்.” மூலப் படத்தைக் கறுப்பு மை மட்டும் வைத்து அடிக்கச் சொல்லி அச்சகத்தில் எழுதிக் கொடுங்கள். நான்கு வண்ணத்திலும் ஓட்டினால் மை கொஞ்சம் கூடக் குறைய விழுந்து, சாம்பல் படத்துக்கே பச்சைச் சாயலோ சிவப்புச் சாயலோ ஏறிவிடும்.

ஒன்று விட்டுப்போச்சுங்க. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் கிறுக்கிய தேதி, பெயர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். மலர் வெளிவந்ததும் முன்பக்கம், பின்பக்கம், வண்ணப் படம் மூன்று கோப்புகளையும் ஒரே எண்ணின்கீழ் வைத்து ஒரு பிரதியைப் பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ கொடுத்துவிட்டு, மூலப் படத்தை அதைக் கொடுத்த வீட்டிலேயே திருப்பிச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய படங்களை ஸ்கேன் செய்து செப்பனிடும் தொழிலில் இருப்போர்,
கொங்கு வட்டாரம்