படத்தில் இருந்தவர் குடை தைக்க வந்தவர்

எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். பதினொரு வருடமாகச் சந்தா பாக்கி வைக்காத உறுப்பினர் என்ற உரிமையில் எழுதுகிறேன். நம் வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கையாக வந்த ஒரு படம் தவறு என்று செயலாளரிடம் நேரிலேயே சொன்னேன். "முன்னெச்சரிக்கைதானே அம்மா" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடல்.

புரட்டாசி கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை, தெருமுனைக் கேமராவில் பதிவான படம் ஒன்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. நாலு நாள் தாடியும் தோளில் சாக்குப் பையுமாக ஒருவர், குனிந்து ஒரு சிறுவனிடம் எதையோ நீட்டுகிறார். படத்தின் மேலேயே சிவப்பு எழுத்தில், 'பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாட்டம், உஷார்!'

அவர் என் வீட்டு வாசலில் குடை தைத்துக்கொண்டிருந்தவர். அடைமழைக்கு முன்னால் வருடம் ஒருமுறை வருவார். என் குடையில் இரண்டு கம்பிகள் துணியை விட்டுக் கழன்றிருந்தன. மெழுகு தடவிய நூலால் ஒவ்வொரு முனையையும் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்து, விரித்துப் பிடித்து, என்னைத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, சொட்டு இறங்கவில்லை என்று காட்டிய பிறகுதான் கூலி வாங்கினார். நாற்பது ரூபாய். நான் அவருக்குக் குடிக்க மோர் எடுத்து வர உள்ளே போன இரண்டு நிமிடத்தில் எதிர்வீட்டுப் பையன் வந்து நின்றிருக்கிறான். நான் திரும்பியபோது அவன் கையில் ஒடிந்த குடைக் கம்பி ஒன்று இருந்தது. வில் செய்யப் போகிறானாம். படத்தில் அவர் நீட்டுகிற 'எதையோ' அதுதான்.

அவர் இரண்டு தெரு தாண்டுவதற்குள் பைக்கில் வந்த நான்கு பேர் மறித்துவிட்டார்கள். சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். கம்பிகள், குறடு, ஊசி, கறுப்புத் துணித் துண்டுகள், பக்கத்துத் தெருவில் யாரோ தைக்கக் கொடுத்த இரண்டு குடைகள். "எந்த வீட்டில் திருடினாய்?" என்று கேட்டுக் கன்னத்தில் ஓர் அறை. நம் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், "இவரை இருபது வருடமாகத் தெரியும்" என்று சொன்ன பிறகே விட்டார்கள். குழுவிலிருந்த படம் மத்தியானத்துக்குள் சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. அது தவறு என்று இன்றுவரை ஒரு வரி வரவில்லை.

ஓர் அறைதானே என்று நினைப்பவர்களுக்கு 2018 மே மாதத்தை நினைவுபடுத்துகிறேன். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் அவர் இறந்துபோனார். அதே மாதம் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். இரண்டுக்கும் முன்னால் கைபேசிகளில் சுற்றியது நம் குழுவுக்கு வந்ததைப் போன்ற செய்திதான். நாடு முழுவதும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகு, அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. ஆனால் நம்முடையது ஒரே குழு. இருநூறு பேருக்கு மேல் இருக்கிறோம். ஒரு தடவை அனுப்பினால் போதும்.

சந்தேகம் நிஜமாகவே இருந்திருந்தால் அவசர உதவி எண் 112-க்கு அழைத்திருக்க வேண்டும். யார் அழைத்தீர்கள்? நான் விசாரித்தவரை ஒருவரும் இல்லை. கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சங்கிலி பறித்தவர்களைப் பிடிக்கக் கேமராப் பதிவுகள் எத்தனையோ முறை போலீஸாருக்கு உதவியிருக்கின்றன. நானும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பதிவு போலீஸார் கேட்டால் கொடுப்பதற்கு. செயலாளர் வீட்டு ஹாலில் டீ குடித்துக்கொண்டே முகம் பார்த்துக் குற்றவாளியைத் தேர்ந்தெடுப்பதற்கு அல்ல. சட்டை அழுக்காக இருந்தவர் என்பதைத் தவிர அவர்மேல் உங்களிடம் வேறென்ன இருந்தது?

குழந்தைகளின் பாதுகாப்பு என்றீர்கள். குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். இதைப் பேசினால் கூட்டத்தில் முகம் சுளிப்பீர்கள், சாக்குப் பைக்காரரைப் பேசுவது சுலபம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள் என்று போன வருடமே கேட்டேன். அந்த இடத்தில் இப்போது கேட்டரிங் விளம்பரம் இருக்கிறது.

சரி, நம் தெருவில் நிஜமாகவே பயப்பட என்ன இருக்கிறது? பிள்ளையார் கோயில் திருப்பத்தில் மின் இணைப்புப் பெட்டி கதவில்லாமல் நிற்கிறது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்தான். போன மழையில் அங்கே எனக்கு முழங்கால் அளவு தண்ணீர். 2017 மழையில் கொடுங்கையூரில் தேங்கிய தண்ணீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் இந்தக் கதவு நமக்கு அவசரமாகப் படவில்லை. அதே திருப்பத்தில் தெருவிளக்கு எரிந்து மூன்று மாதம் ஆகிறது. மாநகராட்சியின் 1913-க்குக் கம்ப எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தேன். தனியாள் புகாருக்கும் சங்கத்தின் கடிதத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கவுன்சிலரை நேரில் வைத்துக்கொண்டு இதைக் கேட்க வேறென்ன வழி வேண்டும்?

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் பொருள் பட்டியலைப் பார்த்தேன். மின்பெட்டி இல்லை, விளக்கு இல்லை. தெருமுனையில் இரும்புக் கேட், 'அந்நியர், வியாபாரிகள் நுழையத் தடை' என்று ஒரு பலகை, இவை இருக்கின்றன. தெரு மாநகராட்சியுடையது, நாம் பூட்டுப் போட முடியாது. இரவு இரண்டு மணிக்கு 108 வண்டி வந்து நிற்கும்போது சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் யாராவது கேளுங்கள். நம் தெருவில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா? நான் எண்ணினேன். பதினேழு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படத்தை அனுப்பிய அதே குழுவில், அதே சிவப்பு எழுத்தில், 'படத்தில் இருந்தவர் குடை தைப்பவர். எங்கள் தவறு. மன்னிக்கவும்' என்று போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் போடுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்தில் எழுந்து நானே படிப்பேன்.

இன்னொன்று. கொட்டியதில் கிடந்த அந்த இரண்டு குடைகளும் இஸ்திரி வண்டிக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. ஒன்று நீலம், மரக் கைப்பிடி. மற்றொன்று சிறுமியின் குடை, ஓரத்தில் பூப் போட்டது. இரண்டும் தைத்து முடிந்தவை, கூலி பாக்கி. உரியவர்கள் வந்து வாங்கிக்கொண்டு எண்பது ரூபாயை இஸ்திரிக்காரரிடம் கொடுங்கள். அவருக்கு அந்த மனிதரின் ஊர் தெரியும்.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெரு உறுப்பினர் ஒருவர்