திரைப்பட ரசனைக் குழு: செயலாளரின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆட்சேபம் இருந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு வெளியாகி நாம் கூடிப் பேசிய படங்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

நம் கூட்டங்களில் பெரும்பாலும் எழுந்த கேள்வி, "படம் தேறுமா, தேறாதா?" என்பதுதான். அந்தக் கேள்வியோடு தொடங்கிய கூட்டங்கள் சீக்கிரமே முடிந்துவிட்டன. ஒரு படத்துக்குப் பலமாக இருக்கும் அம்சமே அதன் காலையும் வாருவதை யாராவது சுட்டிக்காட்டிய நாட்களில்தான் பேச்சு சூடுபிடித்தது.

ஜூனில் வந்த 'மகாராஜா' அப்படி ஒரு படம். குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் காவல் நிலையத்தில் வந்து நிற்கிறார். நாம் சிரிக்கிறோம். இயக்குநர் நித்திலன் சாமிநாதன் காலவரிசையைக் கலைத்துப் போட்டிருப்பதால், எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது கடைசியில்தான் உறைக்கிறது. திரைக்கதை வேலை என்றால் இது வேலை. ஆனால் அதே உத்தியால், ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமை கடைசியில் அவிழ்க்க வேண்டிய முடிச்சாகிவிடுகிறது. அவள் நிமிர்ந்து நின்று பேசுவதற்குள் படம் முடியப்போகிறது. (இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். ஓடிடிக்கு வந்தும் நாளாகிவிட்டது.)

அதிகம் பேசியது ஆகஸ்ட் 23 அன்று ஒன்றாக வெளியான இரண்டு படங்களைப் பற்றி: மாரி செல்வராஜின் 'வாழை', பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. 'வாழை'யில் ரஜினி, கமல் என்று மல்லுக்கட்டும் இரண்டு பையன்களும், டீச்சரின் கைக்குட்டையும், வாழைத்தார் அழுத்தும் கழுத்து வலியும் சேர்ந்து முதல் பாதியை உயிரோடு வைத்திருக்கின்றன. இயக்குநரின் சொந்தப் பால்யம் என்பதால் எதுவும் இட்டுக்கட்டியதாகத் தெரியவில்லை. கடைசிப் பகுதியில்தான் சிக்கல். நடப்பதே நெஞ்சை அடைக்கும்போது, இசையும் சேர்ந்து அழச் சொல்ல வேண்டுமா? எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. வேண்டும் என்று சொன்னவர்களும் நம்மில் பாதிப் பேர் இருப்பார்கள்.

'கொட்டுக்காளி' நேர் எதிர். வேறொருவனைக் காதலிக்கும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே சாமியாரிடம் அழைத்துப் போகும் பயணம். பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோவின் இரைச்சல், காற்று, காலைக் கட்டிப்போட்ட சேவல், இவ்வளவுதான். அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. அந்த மௌனம் சூரியின் கத்தலைவிடக் கனமாக இருக்கிறது. வழிமறிக்கும் காளையை ஒரு சின்னப் பெண் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகும் இடம், ஆண்டின் சிறந்த காட்சிகளில் ஒன்று. ஆனால் அந்த இறுக்கமே பலரை வெளியிலேயே நிறுத்திவிட்டது. முடிவைச் சொல்லாமல் படம் நின்றபோது, "டிக்கெட் எடுத்தது நாங்கள், முடிவையும் நாங்களே எழுதணுமா?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கடைசி நிமிடங்களைத்தான் நாம் அதிக நேரம் பேசினோம் என்பதையும் பதிவு செய்கிறேன்.

பெரிய படங்களுக்கு வருவோம். 'இந்தியன் 2', 'கங்குவா' இரண்டையும் வெளியான பிறகு வெட்டிச் சுருக்கினார்கள். 'கங்குவா'வின் சத்தத்தையும் குறைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. என் பார்வையில் நோய் நீளமோ சத்தமோ அல்ல. இரண்டுமே அடுத்த பாகத்தை நம்பி எழுதப்பட்டவை. வில்லனை, பகையை, பதிலைத் தள்ளிவைத்துக்கொண்டே போனால் கையில் இருக்கும் படத்துக்கு என்ன மிஞ்சும்? இதில் பத்து நிமிடம் குறைத்து என்ன பயன்! 'மெய்யழகன்' கதை வேறு. அதுவும் பதினெட்டு நிமிடம் போல வெட்டுப்பட்டது. ஆனால் ஓர் இரவு முழுக்க இருவர் பேசிக்கொண்டே இருப்பதுதான் அந்தப் படம். பிரேம்குமார் அந்தப் பேச்சுக்குள் வரலாற்றுப் பாடம் நடத்தியது சில இடங்களில் துருத்தியது உண்மைதான். ஆனாலும் அங்கே கத்தரி வைக்கும்போது கார்த்தி, அரவிந்த்சாமி இருவரின் நெருக்கமும் கொஞ்சம் சேர்ந்தே போகிறது.

'லப்பர் பந்து' எல்லோருக்கும் பிடித்ததால் விவாதமே நடக்கவில்லை. வில்லன் இல்லாமல் கிரிக்கெட் ஆடும் இரண்டு பேரின் வீம்பை வைத்தே ஒரு படத்தை ஓட்டியது சாமர்த்தியம். சாதிச் சிக்கலை இவ்வளவு சுமுகமாக முடித்துவைத்ததுதான் எனக்கு உறுத்தல். ராணுவ வீரரின் கதையான 'அமரன்', மனைவியாக நடித்த சாய் பல்லவியின் கண் வழியாக நடக்கும்வரை நன்று. தெருக்கூத்தைப் பற்றிய 'ஜமா'வை நம்மில் பலர் தவறவிட்டோம். இன்னொரு முறை திரையிடலாம்.

படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனம் கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. சரியான முடிவு. ஆனால் அவசரத் தீர்ப்பு நம்மிடமும் இருக்கிறது. ஆகவே செயற்குழு சார்பில் ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன்: வரும் ஆண்டில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு கூட்டங்களில் பேசுவோம், முதல் வாரத்தில் ஒன்று, அப்புறம் ஒரு மாதம் கழித்து ஒன்று. வசூல் கணக்கை இரண்டு கூட்டங்களிலும் எடுக்கக் கூடாது.

வழிமொழிய ஒருவர் வேண்டும்.