இந்த வாரம் பானுமதி

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஞாயிறு இரவு 8 மணிக்கு 'சண்டிராணி' (1953) பற்றிப் பேசுவோம், பார்த்துவிட்டு வாருங்கள். தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் வந்த படம். இயக்கம் பானுமதி, இரட்டை வேடமும் அவரே. (நடிகை இயக்கிய முதல் படம் இதுவல்ல, டி.பி. ராஜலட்சுமி 1936-லேயே 'மிஸ் கமலா' எடுத்துவிட்டார்.)

பாட்டுக் காட்சிகளில் அவர் முகத்தைக் கவனியுங்கள். சொந்தக் குரல் என்பதால் மூச்சு வாங்கும் இடம்கூட நடிப்பாகிவிடுகிறது. பின்னணிப் பாடகிகள் வந்தபின் இந்த நயம் குறைந்தது என்பது என் கட்சி. சாவித்திரி ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், ஆனால் ஞாயிறன்று மட்டும்!

நடிகைகளின் சொந்த வாழ்க்கை வதந்திகளைத் தயவுசெய்து பகிர வேண்டாம். காலை வணக்கப் படங்களும்தான்.

– அட்மின்